வடசென்னையிலிருந்து மென்பொருள் துறைக்கு: உள்ளே போகவும், அங்கே நிலைக்கவும்

தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் கல்லூரிப் படிப்பை முடிக்கும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, எந்த கோர்ஸ் படிச்சா வேலை கிடைக்கும்?" என்பதைத்தான். அதற்கு விடை சொல்வது எளிது. 17 ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கும் எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த அதே நாளில் சேர்ந்த பெண்களில் பலர் இன்று இந்தத் துறையிலேயே இல்லை. அவர்கள் எல்லோரும் நேர்காணலில் தேறியவர்கள். நன்றாக கோட் எழுதியவர்கள். சேர்ந்த பிறகு, முக்கியமான வேலைகள் ஒவ்வொன்றாக அவர்கள் கையைவிட்டுப் போய், எழுதுவதும் திருத்துவதும் வேறு யாரோ, கணக்கு வைப்பதும் குறிப்பெடுப்பதும் இவர்கள் என்று ஆன பின்பே விலகினார்கள். ஆகவே இந்த வழிகாட்டியில் உள்ளே போவதைச் சுருக்கமாகவும், போன பிறகு வேலையைக் கையில் வைத்துக்கொள்வதை விரிவாகவும் எழுதுகிறேன்.

வீடும் வழியும்

வேலை தேடத் தொடங்குவதற்கு முன் வழியைத் தீர்மானியுங்கள். தரமணி, பெருங்குடி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று பெரிய அலுவலகங்கள் நகரத்தின் தென்கோடியில் இருக்கின்றன. நாம் வடகோடியில் இருக்கிறோம். புறநகர் ரயிலில் கடற்கரை நிலையம் வரை வந்து, அங்கே பறக்கும் ரயிலுக்கு மாறி, தரமணியில் இறங்கி, மறுபடி பேருந்தோ ஷேர் ஆட்டோவோ பிடித்தால், வீட்டுப் படி இறங்கி நாற்காலியில் உட்காரும் வரை இரண்டு மணி நேரம் ஆகிவிடும். இந்த இரண்டு மணி நேரம்தான் பிறகு, திருமணத்துக்கும் குழந்தைக்கும் பின்னால், வேலையை விடுவதற்கான காரணமாக வந்து நிற்கும். எனவே முதல் விண்ணப்பங்களைக் கிண்டிக்கும் அண்ணா சாலைக்கும் அம்பத்தூருக்கும் அனுப்புங்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு, திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ ஏறுபவர் வண்டி மாறாமல் கிண்டியில் இறங்க முடிகிறது. மாதவரத்திலிருந்து பெரம்பூர் வழியாகச் சிறுசேரி சிப்காட் வரை அமையும் இரண்டாம் கட்ட மெட்ரோ பாதை முழுவதும் திறக்கும்போது நிலைமை இன்னும் மாறும். சம்பளம் கைக்கு வரும் வரை செலவைக் குறைக்க, 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதை நினைவில் வையுங்கள்.

வீட்டில் சம்மதம் வாங்குவது பெரும்பாலும் இந்த வழியைப் பற்றிய பேச்சுதான். "ராத்திரி எத்தனை மணிக்கு வருவ?" என்று கேட்கும் அம்மாவுக்கு வாய்வார்த்தையாகச் சமாதானம் சொல்லாமல், ஒரு சனிக்கிழமை அவரை அழைத்துக்கொண்டு போய் வாருங்கள். 2008இல் நான் என் அம்மாவைத் தரமணிக்கு அழைத்துப் போனேன். நிலையத்திலிருந்து அலுவலக வாசல் வரை அவர் ஒன்றும் பேசவில்லை. தெருவிளக்குகளை எண்ணிக்கொண்டே வந்தார். எரியாத விளக்கு இரண்டு இருந்தது. "அந்த ரெண்டு விளக்குக்கு நடுவுல மட்டும் போன்ல எங்கிட்ட பேசிக்கிட்டே நட" என்றார். அந்த ஒரு நிபந்தனையோடு என்னை வேலைக்கு அனுப்பினார். அச்சத்தைக் கண்ணால் பார்த்து அளந்தால், அது இரண்டு விளக்குகளின் தூரத்துக்குச் சுருங்கிவிடுகிறது.

படிப்பும் நேர்காணலும்

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு உயர்கல்விக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், 2022 செப்டம்பரில் நம் பகுதியில் உள்ள பாரதி மகளிர் கல்லூரியில்தான் தொடங்கப்பட்டது. பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடும் உண்டு. அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. தகுதி இருந்தும் கேட்காமல் விட்டவர்களை நான் பார்த்திருப்பதால் இவற்றைச் சொல்கிறேன். பாடங்களுக்கு, சென்னை ஐ.ஐ.டி. முன்னின்று நடத்தும் என்.பி.டி.இ.எல். காணொளிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரே ஓர் அறை உள்ள வீட்டில், தொலைக்காட்சிக்கும் தம்பியின் வீட்டுப்பாடத்துக்கும் நடுவே கோட் எழுதப் பழகுவது பெரும்பாடு. பகுதி நூலகங்களையும், கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த, உட்கார்ந்து படிக்கவும் வேலை செய்யவும் இடம் தரும் முதல்வர் படைப்பகம் போன்ற இடங்களையும் பயன்படுத்துங்கள்.

ஒரு கணினி மொழியை ஆழமாகப் படியுங்கள். பைதானோ ஜாவாவோ, எதுவானாலும் சரி. அதோடு தரவுத்தளத்திலிருந்து விவரங்களை எடுக்கும் எஸ்.க்யூ.எல்., கோட்டில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட், லினக்ஸ் கட்டளைகள் ஆகிய மூன்றும் கட்டாயம் வேண்டும். பயிற்சிக்காகச் செய்யும் ப்ராஜெக்ட்டை இணையத்திலிருந்து நகலெடுக்காதீர்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி, தன் அம்மா பொறுப்பில் இருக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவின் சேமிப்பு நோட்டை ஒரு சிறு செயலியாக எழுதினாள். ஓர் உறுப்பினர் தவணையைத் தாமதமாகக் கட்டினால் வட்டி எப்படிக் கணக்காகும், பாதியில் ஒருவர் குழுவிலிருந்து விலகினால் அவருடைய பங்கு என்ன ஆகும் என்று நேர்காணல் நேரம் முழுவதும் அதைப் பற்றியே கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் அவளிடம் விடை இருந்தது, ஏனென்றால் அந்தச் சண்டைகளை அவள் தன் வீட்டுத் திண்ணையில் கேட்டு வளர்ந்தவள்.

ஆங்கிலத்தைப் பற்றிய பயம் நம் பெண்களைப் பாதி வழியில் திருப்பி அனுப்புகிறது. மேடைப் பேச்சு ஆங்கிலம் யாருக்கும் தேவையில்லை. நீங்கள் எழுதிய கோட் என்ன செய்கிறது என்பதைச் சிறு சிறு வாக்கியங்களில் தினமும் பத்து நிமிடம் உரக்கச் சொல்லி, கைபேசியில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். ஒரு மாதத்தில் உங்கள் காதுக்கே வேறுபாடு தெரியும். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லவும் பழகுங்கள்.

வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பின்வாசல் வேலை என்று நகையை அடகு வைத்துப் பணம் கட்டி ஏமாந்த குடும்பங்கள் நம் தெருக்களில் உண்டு. அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் விட்டுவைக்க வேண்டாம். சரிபார்த்தவுடன் திரும்ப வாங்கிவிடுங்கள்.

"கல்யாணம் எப்போம்மா?" என்ற கேள்வி இன்றும் நேர்காணல்களில் வருகிறது. பெண் என்பதற்காக வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே சொல்லியிருந்தும் வருகிறது. அங்கே வாதம் செய்வது உங்களுக்கு உதவாது. "இந்த வேலையில் தொடர்ந்து இருக்கத்தான் வந்திருக்கிறேன். முதல் இரண்டு ஆண்டுகளில் நீங்கள் என்னிடம் எதிர்பார்ப்பது என்ன?" என்று கேள்வியை வேலையின் பக்கம் திருப்புங்கள். ஊரைக் கேட்டு முகம் சுளிப்பவர்களும் உண்டு. வியாசர்பாடி என்றால் வியாசர்பாடி என்றே தெளிவாகச் சொல்லுங்கள்.

முதல் ப்ராஜெக்ட்: இங்கேதான் விழிப்பு வேண்டும்

பயிற்சி முடிந்ததும் யாருக்கு என்ன வேலை என்று பிரிப்பார்கள். அந்த ஒரு வாரம் அடுத்த பத்து ஆண்டுகளைத் தீர்மானிக்கக்கூடியது. எங்கள் குழுவில் எட்டுப் பேர் இருந்தோம். பெண்கள் மூவரையும் தனியே அழைத்த மேனேஜர், மிகுந்த அன்போடு, "டெஸ்டிங் எடுத்துக்கோங்கம்மா, ஈஸியா இருக்கும், நைட் வேலை வராது" என்றார். அவருக்குக் கெட்ட எண்ணம் ஏதும் இருந்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை. ஆனால் ஆண்கள் ஐவருக்கும் கோட் போனது, மூவருக்கும் எக்செல் தாள் வந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து அந்த ஐவரில் இருவர் டீம் லீட் ஆனார்கள். நாங்கள் அதே தாளில் 'பாஸ்', 'ஃபெயில்' என்று நிரப்பிக்கொண்டிருந்தோம்.

டெஸ்டிங்கை நான் குறைத்துப் பேசவில்லை. சோதனைகளைத் தானாக ஓடவைக்கும் ஆட்டோமேஷன் எழுதுபவர், பழுது எங்கே பிறக்கும் என்று முன்கூட்டியே கணிப்பவர், எந்தக் குழுவுக்கும் தூண் போன்றவர். என்னைக் காப்பாற்றியதும் அதுதான்: நாள்தோறும் கையால் செய்த சோதனைகளை ஸ்கிரிப்டாக எழுதி, அதைக் காட்டித்தான் நான் டெவலப்மென்ட் பக்கம் போனேன். பிரச்சினை வேலையின் பெயரில் இல்லை. எழுதக் கற்றுத் தரும் வேலையா, நிரப்ப மட்டும் வைக்கும் வேலையா என்பதைப் பாருங்கள்.

ஆகவே ஒதுக்கீடு நடக்கும்போது மூன்று விவரங்களைக் கேளுங்கள். இந்த வேலையில் நான் எழுதும் கோட் எங்கே போய்ச் சேரும்? என் வேலையை யார் ரிவ்யூ செய்வார்? ஆறு மாதத்தில் எந்தப் பகுதிக்கு நான் தனியாகப் பொறுப்பேற்பேன்? மூன்றுக்கும் தெளிவான பதில் இல்லையென்றால், அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும்போதே, ஆறு மாதம் கழித்து மாற்றிக் கேட்பேன் என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். வாயால் சொன்னதை யாரும் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை.

எழுதி வைப்பதைத்தான் நான் எல்லாவற்றிலும் வலியுறுத்துவேன். இரண்டாம் ஆண்டில் ஓர் 80 பக்கக் கோடுபோட்ட நோட்டு வாங்கினேன். மாலையில் பறக்கும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தவுடன் அன்றைய தேதி போட்டு, என்ன செய்தேன், எந்தப் பழுதை எவ்வளவு நேரத்தில் சரி செய்தேன், யார் கேட்டார்கள் என்று நான்கு வரி எழுதுவேன். சேப்பாக்கம் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். ஆண்டு வேலையை மதிப்பிடும் அப்ரைசல் நேரத்தில் மற்றவர்கள் கடந்த மாதத்தை மட்டும் நினைவுபடுத்திப் பேசிக்கொண்டிருந்தபோது, என்னிடம் பன்னிரண்டு மாதமும் இருந்தது. "நல்லா ஒத்துழைக்கிறாங்க, பொறுமைசாலி" என்று பெண்களைப் பற்றி எழுதப்படும் பொதுவான பாராட்டுகளுக்குச் சம்பள உயர்வு வருவதில்லை. "பில் போடும் பகுதியில் நாள்தோறும் வந்த பிழை நின்றது, செய்தவர் இவர்" என்று எழுத வைக்கும் விவரம் உங்களிடம் இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் தரவையும் நிறுவனத்தின் கோட்டையும் மட்டும் சொந்த நோட்டிலோ சொந்த மின்னஞ்சலிலோ ஏற்றிவிடாதீர்கள். அது உங்கள் வேலைக்கே கேடாகும்.

கூட்டத்தில் குறிப்பெடுப்பது, பிறந்தநாளுக்கு கேக் சொல்வது, புதிதாக வந்தவருக்கு அடையாள அட்டை வாங்கித் தருவது என்ற வேலைகள் கேட்காமலே பெண்கள் தலையில் வந்து விழும். ஒரு முறை செய்யுங்கள், இரண்டாம் முறை, "இந்த வாரம் நான் எழுதினேன், அடுத்த வாரம் கார்த்திக் எழுதட்டும், முறை வைத்துக்கொள்வோம்" என்று பெயர் சொல்லிக் கூட்டத்திலேயே சொல்லுங்கள். நீங்கள் சொன்ன யோசனையை ஐந்து நிமிடம் கழித்து வேறொருவர் தன்னுடையதாகச் சொன்னால், அங்கே சண்டை போட வேண்டாம். கூட்டம் முடிந்ததும், "நான் முன்வைத்த வழியைப் பற்றிய விவரங்கள்" என்று தொடங்கி எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

அடுத்தது ரிலீஸ். புதிய பதிப்பு பெரும்பாலும் சனிக்கிழமை இரவில்தான் ஏறும். அதில் இருப்பவருக்குத்தான் முழு அமைப்பும் தெரியும். அவருக்குத்தான் பதவி உயர்வும் வரும். நம் வீட்டுக் கட்டுப்பாட்டை அறிந்த மேனேஜர்கள், இரக்கத்தோடு நம் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுக்க விடாதீர்கள். தமிழ்நாட்டில் இரவு 8 மணிக்கு மேல் பெண்களைப் பணியில் வைக்க அவர்களுடைய எழுத்துமூலமான ஒப்புதல் வேண்டும். பாதுகாப்பான போக்குவரத்து நிறுவனத்தின் பொறுப்பு. மாதத்தில் எத்தனை இரவுகள் முடியும் என்பதை வீட்டில் முன்பே பேசி, அந்த எண்ணிக்கையைச் சொல்லி, கேப் வசதியோடு ஒப்புக்கொள்ளுங்கள். இரவில் வரவே முடியாத காலங்களில், வீட்டிலிருந்தபடி ரிலீஸைக் கண்காணிக்கும் பொறுப்பையாவது கேட்டு வாங்குங்கள்.

சம்பளத்தைப் பற்றி ஒரே ஒரு சொல். உங்களோடு சேர்ந்தவர்களிடம், ஆண்களிடமும், எவ்வளவு வாங்குகிறார்கள் என்று கேளுங்கள். கேட்பது அநாகரிகம் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்தக் கூச்சத்தில் நான் நான்கு ஆண்டுகள் குறைவாக வாங்கினேன்.

தவறு நடந்தால்

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதன் தலைவர் பெண்ணாகவும், உறுப்பினரில் பாதிப் பேராவது பெண்களாகவும் இருக்க வேண்டும். நிறுவனத்தைச் சாராத ஒருவரும் வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தக் குழுவினரின் பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். 90 நாட்களில் விசாரணை முடிய வேண்டும். அதுவரை உங்களையோ எதிர்த்தரப்பையோ வேறு இடத்துக்கு மாற்றும்படியும், உங்களுக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரும்படியும் கேட்கலாம். அலுவலக கேப்பில் நடந்தாலும் அது பணியிடத்தில் நடந்ததாகவே கணக்கு. பத்துப் பேருக்குக் குறைவான சிறு நிறுவனம் என்றால், மாவட்ட அளவில் இயங்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். தேதி, நேரம், இடம், சொன்ன சொற்கள், அருகில் இருந்தவர்கள் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். அவசரத்துக்கு 181 என்ற மகளிர் உதவி எண்ணும், இணையவழித் தொல்லை, மோசடிகளுக்கு 1930 என்ற எண்ணும் உண்டு.

குழந்தையும் திரும்பி வருவதும்

நான் தாயான 2014இல் மகப்பேறு விடுப்பு 12 வாரம்தான். 2017இல் அது முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக உயர்ந்தது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்கள் வேலை செய்திருக்க வேண்டும். 50 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். நாளில் நான்கு முறை சென்று பார்க்கலாம். விடுப்பில் இருக்கும்போது வேலையைவிட்டு நீக்குவது சட்டவிரோதம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யில் சேர்க்கப்பட்டிருந்தால், மகப்பேறு உதவி அதன்வழியே வரும். சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டம் நாற்காலியைக் காத்துத் தரும், வேலையைக் காத்துத் தராது. நான் திரும்பி வந்தபோது, நான்கு ஆண்டுகளாக என்னிடம் இருந்த பகுதி இன்னொருவர் கையில் இருந்தது. எனக்கு ரிலீஸ் குறிப்புகள் எழுதும் வேலை தரப்பட்டது. "குழந்தை சின்னது, கொஞ்ச நாள் ரெஸ்டா இருங்க" என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் ஓர் ஆண்டு ஆகியிருக்கும், நான் எழுதிக் கேட்டிருக்காவிட்டால். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: விடுப்புக்குப் போகும் முன்பே, எந்தப் பகுதியை யாரிடம் ஒப்படைக்கிறீர்கள், எந்தத் தேதியில் திரும்ப எடுத்துக்கொள்வீர்கள் என்று எழுதி மேனேஜரின் ஒப்புதலை மின்னஞ்சலில் வாங்குங்கள். திரும்பும் மாதத்துக்கு முன்பு ஒரு நாள், உங்கள் பகுதியில் நடந்த மாற்றங்களைப் படித்துக்கொள்ளுங்கள். முதல் வாரமே ஒரு சிறு பழுதையாவது நீங்களே சரி செய்து கோட்டை ஏற்றுங்கள். எனக்கு அது ஒரு தேதி வடிவப் பிழை, நான்கே வரி. ஆனால் அதன்பின் ரிலீஸ் குறிப்பு என்னிடம் வருவது நின்றது.

வேலையை விட்டுவிட்டுச் சில ஆண்டுகள் வீட்டில் இருந்தவர்கள், ரெஸ்யூமில் அந்த இடைவெளியை மறைக்க முயலாதீர்கள். "2019 - 2023: குழந்தை வளர்ப்பு" என்று நேராகவே எழுதிவிட்டு, அதற்கு மேலே, கடைசி ஆறு மாதத்தில் செய்த ப்ராஜெக்ட்டை வையுங்கள். பழைய வேலையின் ரிலீவிங் லெட்டரும் சம்பளச் சீட்டுகளும் இப்போதும் கேட்கப்படும், எடுத்து வையுங்கள். பழைய பதவியையே கேட்டு விண்ணப்பியுங்கள். புதியவர்களுக்கான சம்பளத்தில் சேரச் சொன்னால், ஆறு மாதத்தில் மறுபரிசீலனை என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரான அ. லலிதா, 1919இல் சென்னையில் பிறந்தவர். 18 வயதில், நான்கு மாதக் கைக்குழந்தையோடு, கணவரை இழந்தார். 1940இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அவருடைய துணிவைச் சொல்பவர்கள், அவருடைய தந்தை அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்து, கல்லூரி முதல்வரிடம் பேசி அனுமதி பெற்றுத் தந்ததை விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. உள்ளே இருந்த ஒருவர் கதவைத் திறந்தார். நம் வீடுகளில் அப்பா துறைமுகத்தில் இருப்பார், காசிமேட்டில் இருப்பார், ரயில்வே பணிமனையில் இருப்பார். மென்பொருள் நிறுவனத்தில் சித்தப்பாவோ மாமாவோ இருப்பதில்லை. நிறுவனங்கள் ரெஃபரல் வழியாக, அதாவது உள்ளே வேலை செய்பவர்களின் பரிந்துரையில், ஆள் எடுக்கும்போது நம் பெண்களின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறாமல் போவது இதனால்தான்.

ஆகவே உள்ளே இருக்கும் ஒருவரை நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் முன்னால் படித்த அக்கா, மெட்ரோவில் அடையாள அட்டையோடு எதிரில் உட்காரும் பெண், தேவாலயத்திலோ பள்ளிவாசல் தெருவிலோ கோயிலிலோ அம்மாவுக்குத் தெரிந்தவரின் மருமகள் என்று யாராக இருந்தாலும் சரி. "எனக்கு ஒரு வேலை வாங்கித் தாங்க" என்று கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. அவருடைய நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் வேலையின் எண்ணை எடுத்து, அந்த வேலைக்குத் தகுந்தபடி மாற்றிய ஒரு பக்க ரெஸ்யூமையும், கோட் வைக்கும் இணையதளமான கிட்ஹப்பில் உள்ள உங்கள் ப்ராஜெக்ட்டின் முகவரியையும், ஏன் அந்த வேலை உங்களுக்குப் பொருந்தும் என்ற மூன்று வரியையும் சேர்த்து அனுப்புங்கள். அவர் அதை அப்படியே உள்ளே ஏற்றிவிடலாம். மதிய உணவு இடைவேளையில், ஒரு கையில் டிபன் பாக்ஸோடு, இரண்டு நிமிடத்தில் முடிகிற வேலை. எனக்கு இப்படி வந்தவற்றில் ஒன்றைக்கூட நான் ஏற்றாமல் விட்டதில்லை.